தரம் 2 பிள்ளைக்குப் பிரெஞ்சு: கைபேசிச் செயலி மட்டும் போதுமா?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். பரிஸில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போனதிலிருந்து, தரம் 2இல் படிக்கும் என் மகளுக்குப் பிரெஞ்சு மொழியில் பெரும் ஆர்வம். ஒரு செயலியைக் கைபேசியில் பதிவிறக்கிக் கொடுத்தேன். படங்களைத் தொட்டு விடை காட்டும் பயிற்சிகளை விரைவாக முடிக்கிறாள். ஆனால் சித்தி தொலைபேசியில் எளிய கேள்வியொன்றைக் கேட்டால்கூட வாய் திறப்பதில்லை. விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால், அவள் தவறுவது பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்பதும் எனக்கு விளங்கவில்லை. என்ன செய்யலாம்?

பிரெஞ்சு ஆசிரியை, பம்பலப்பிட்டி:
அன்பின் சகோதரி, காட்டப்பட்ட நான்கு படங்களில் சரியானதை அடையாளம் காண்பது வேறு, எதுவும் காட்டப்படாத நிலையில் சொல்லை நினைவிலிருந்து எடுத்துப் பேசுவது வேறு. உங்கள் மகள் முதலாவதை மட்டுமே பழகியிருக்கிறாள்.

2003இல் பற்றீசியா கூலும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், சீன மொழி பேசுவோர் நேரில் விளையாடிப் பேசிய 12 அமர்வுகளில் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் பெற்ற குழந்தைகள் கற்கவில்லை. ஆனால் 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள் நேரடிக் காணொளி அழைப்பின் மூலம் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். திரை தடையாக இருக்கவில்லை. பிள்ளை சொல்வதைக் கேட்டு மறுமொழி சொல்ல மறுபுறத்தில் ஒருவர் இருந்தார். இவை மிகச் சிறு வயதினரைப் பற்றிய ஆய்வுகள்தாம் என்றாலும், ஏழு வயதுப் பிள்ளைகளிடமும் நான் இதையே காண்கிறேன்.

உங்களுக்கோ அந்த மனிதர்கள் பரிஸிலேயே இருக்கிறார்கள். செயலியில் நிறங்களைக் கற்ற வாரத்தில், வீட்டிலுள்ள சிவப்புப் பொருள்களைத் தேடிக் காட்டிப் பெயர் சொல்லும் விளையாட்டைச் சித்தியின் பிள்ளைகள் காணொளி அழைப்பில் நடத்தட்டும். பத்து நிமிடம் போதும். பிரெஞ்சில் சொல்லின் இறுதியில் எழுதப்படும் மெய்யெழுத்துகள் பல ஒலிக்கப்படாதவை என்பதால், எழுத்துக்கூட்டலை இப்போது தொடவே வேண்டாம். காதால் கேட்டுச் செய்யும் பயிற்சிகளை மட்டும் தெரிந்தெடுங்கள். ஆங்கிலக் குழப்பமும் அதனோடு பெருமளவு நீங்கும். மொழி கற்பிக்கும் செயலியை நடத்தும் டுவோலிங்கோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஏபிசி செயலியைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பார்கள். அது சிறுவர்களுக்கு ஆங்கில வாசிப்பைப் பழக்க வந்தது, பிரெஞ்சுக்கு உதவாது.

கொட்டாஞ்சேனை அப்பா:
உச்சரிப்பைச் சோதிக்கும் பகுதியை நிறுத்தி வையுங்கள். குரலை உணரும் தொழில்நுட்பம் பெரும்பாலும் பெரியவர்களின் பேச்சைக் கொண்டு பழக்கப்பட்டிருப்பதால், சிறுவர்களின் குரலில் அதிகம் பிழைவிடுகிறது. சரியாகச் சொன்ன என் மகன் 'பிழை' என்று காட்டப்பட்டதும் அழுதுவிட்டு, அதன்பின் சத்தமாகச் சொல்லவே மறுத்தான்.

தெஹிவளை வாசகர்:
கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளை முதலில் சிங்களத்தைச் சரளமாகப் பேசட்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரெஞ்சு பிறகு வரலாம்.

பிரெஞ்சு ஆசிரியை, பம்பலப்பிட்டி:
சிங்களம் அவசியம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்குச் செயலியே வேண்டாம். மாலையில் தொடர்மாடி முற்றத்தில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். பிரெஞ்சுக்கு அப்படியொரு முற்றம் இங்கே இல்லை என்பதால்தான் செயலியையும் காணொளி அழைப்பையும் நாடச் சொல்கிறேன். ஒன்றுக்காக மற்றதை நிறுத்த வேண்டியதில்லை.