செக்கெண்ணெயும் ஸ்பிரே பாட்டிலும்: அடைக்குது, ஒழுகுது, பீச்சுது. உங்க அனுபவம் என்னங்க?

அவிநாசி அடுப்படி:
எண்ணெய் ஊத்தி ஊத்தி உபயோகிக்கிற ஸ்பிரே பாட்டில் பத்தின இழை இதுங்க. "நல்லா இருக்கு, வாங்கலாம்"னு ஒத்தை வரி வேண்டாம். எந்த வகை, எந்த எண்ணெய், எந்த இடத்துல பழுதாகுது, அதை எழுதுங்க.

முதல்ல வகை. கடையில பெரும்பாலும் கிடைக்கிறது ரெண்டு வகை. ஒண்ணு விசை அழுத்துற மாதிரி, கண்ணாடி துடைக்கிற பாட்டில் போல. உள்ள ஒரு சின்ன பிஸ்டன், ஸ்பிரிங், எண்ணெய் திரும்பிக் கீழ போகாம நிறுத்துற குண்டு, அடி வரைக்கும் போற குழாய், முன்னாடி தூறல் வர்ற மூக்கு. அவ்வளவுதான். இதுல முக்கால் பாட்டில் ஊத்தலாம். இன்னொண்ணு மூடியை மேலயும் கீழயும் அடிச்சுக் காத்து ஏத்துற வகை. இதுல பாதிக்கு மேல ஊத்தக்கூடாது. மிச்ச இடத்துல அடைபடுற காத்துதான் எண்ணெயைத் தள்ளுது. கழுத்து வரைக்கும் ஊத்திட்டு "பாட்டில் மோசம்"னு சொல்றவங்க நிறையப் பேர். பத்துப் பதினஞ்சு தடவை அடிச்சா போதும். திறக்கும்போது மூடியை மெல்லத் திருகிக் காத்தை விட்டுட்டுத் திறக்கோணும், இல்லீன்னா கழுத்துல இருக்கிற எண்ணெய் மூஞ்சிக்கு வரும்.

வெள்ளகோயில் செக்கு:
பாட்டிலைத் திட்டறதுக்கு முன்னாடி உள்ள என்ன ஊத்துனீங்கன்னு பாருங்க. நம்ம பக்கம் அடைப்புல பெரும்பாலானது பாட்டில் கோளாறு இல்லைங்க, அடிமண்டி.

மரச்செக்குல ஆட்டின எண்ணெய்ல புண்ணாக்குத் தூள் மிதக்கும். கண்ணுக்குத் தெளிவாத் தெரிஞ்சாலும் டம்ளர்ல ஊத்தி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா தெரியும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடறோம் பாருங்க, அந்தக் கசண்டும் ஈரமும் சேர்ந்து அடியில பிசினாட்டம் தங்கும். ஸ்பிரே மூக்கோட ஓட்டை நெம்பச் சின்னது. அதுக்குள்ள எண்ணெயைச் சுழல விட்டுப் பூந்தூறலாக்கற ஒரு சின்ன வில்லையும் இருக்குது. தூள் அங்க உக்காந்தா தூறல் போயி ஒத்தைக் கோடா பீச்சும்.

என்ன பண்ணோணும்னா, செக்குல இருந்து வந்த எண்ணெயை ரெண்டு மூணு நாள் வெயில்ல வெச்சுத் தெளிய விடுங்க. செக்குக்காரங்களே பண்ணித் தந்தாலும் ஊட்டுல இன்னொரு நாள் ஆடாம அசையாம நிக்கட்டும். மேல இருக்கிறதை மட்டும் சாய்ச்சு எடுத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியை நாலா மடிச்சு வடிகட்டுங்க. துணி துளிகூட ஈரமில்லாம இருக்கோணும். டீ வடிகட்டி பத்தாது, அது சும்மா கண்துடைப்பு. அடியில நிக்கற கடைசி நூறு மில்லியைத் தாளிக்க வெச்சுக்கங்க, ஸ்பிரேக்கு வேண்டாம்.

பூண்டு, காஞ்ச மொளகா, கருவேப்பிலை போட்டு வாசனை ஏத்தின எண்ணெயும் வேண்டாம். தூளும் போகும், பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள்ள பல நாள் வெளிய கிடக்கிறது நல்லதும் இல்லை. நெய்யைக் கேக்கவே வேண்டாம், மணல் மணலா ஒறஞ்சு ஒட்டுக்கா அடைச்சுக்கும்.

பேரூர் மாமி வீடு:
செக்கு அண்ணா சொன்னது சரி. கூடவே கழுவற தண்ணியையும் பாருங்கோ. உப்பில்லாத சிறுவாணி ஆத்துத் தண்ணி வர வீட்டுக்கும் உப்பான போர் தண்ணி வீட்டுக்கும் ஒரே பாட்டில் ஒரே மாதிரி உழைக்காது.

உப்புத் தண்ணில சோப்புக்கட்டி போட்டுக் கழுவினா நுரை வராது, வெள்ளைப் பிசுக்குதான் வரும். அந்தப் பிசுக்கு குண்டு மேல ஒட்டிண்டா விசை அழுத்தினாலும் எண்ணெய் மேல ஏறாது. அதனால கட்டி வேண்டாம், பாத்திரம் கழுவற திரவம் ரெண்டு சொட்டு. கை பொறுக்கற சூட்டுல 200 மில்லி தண்ணி, அதுல அந்த ரெண்டு சொட்டு. பாட்டில்ல ஊத்தி, ஸ்பிரே தலையை மாட்டி, தொட்டிக்குள்ள இருபத்தஞ்சு முப்பது தடவை அடிக்கணும். பாட்டிலை மட்டும் தேய்ச்சுக் கழுவிட்டுத் தலையை அப்படியே விட்டுடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அழுக்கு இருக்கறது தலைக்குள்ளதானே. அப்புறம் சோப்பு போடாத வெந்நீர்ல இருபது தடவை. கடைசித் தடவை மட்டும் குடிக்கற தண்ணி. கொதிக்கற தண்ணி ஊத்தினா பிளாஸ்டிக் வளையும், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும்.

வெள்ளையா உப்புப் படிஞ்ச மூக்குக்கு ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி, கால் மணி நேரம். அதுக்கு மேல ஊறினா ஸ்பிரிங் துருப்பிடிக்கலாம். மஞ்சளாப் பிசுபிசுன்னு இருந்தா அது உப்பு இல்லை, காத்து பட்டுக் காஞ்ச எண்ணெய். அதுக்கு வினிகர் ஒண்ணும் பண்ணாது. வெந்நீர்ல ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு ஒரு மணி நேரம் ஊற வைங்கோ. அலுமினிய உடம்புன்னா சோடா வேண்டாம், கறுத்துடும். அரப்புத் தூள் போட்டா எண்ணெய்ப்பசை போகுமேன்னு ஒரு யோசனை எங்கேயோ படிச்சேன். தலைக்குத் தேய்ங்கோ, தயவுசெஞ்சு ஸ்பிரே தலைக்கு வேண்டாம்!

காய வைக்கறது ஒரு முழு நாள், நிழல்ல. கழுவின உடனே வெறும் காத்து வர வரைக்கும் அடிச்சுட்டு, மூக்கு கீழ பாக்கற மாதிரி துணி மேல வைக்கணும். மறுபடி நிரப்பறச்சே முதல்ல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு அஞ்சாறு தடவை அடிச்சுக் கொட்டிடுங்கோ. குழாய்ல நின்ன ஈரம் அதோட போயிடும். இதை விட்டா சூடான கல்லுல படபடன்னு வெடிக்கும், எண்ணெயும் கலங்கும்.

ஆனமலைக் காத்து:
தேங்கா எண்ணெய் ஊத்தறவங்களுக்கு ஒண்ணு. அது ஒறையறது 24 டிகிரிப் பக்கம். மார்கழி, தையில பொள்ளாச்சி, ஆனைமலை ஓரம் காலைல அதுக்குக் கீழதான். பாட்டில்ல பாதி ஒறஞ்சு நிக்கறப்ப விசையை முரட்டுத்தனமா அழுத்தினா குழாய் பிடுங்கிக்கும், இல்லீன்னா பிஸ்டன் வளையம் கிழியும். பாட்டிலைக் கழுத்தளவு இளஞ்சூட்டுத் தண்ணில பத்து நிமிசம் நிறுத்துங்க. தலைக்குள்ள ஒறஞ்சதுக்கு ஈரமில்லாத சூடான துணியைச் சுத்தி வெச்சா போதும். அடுப்புப் பக்கத்துல வெக்கறது, மைக்ரோவேவ்ல வெக்கறது ரெண்டும் கூடாதுங்க.

அந்த ரெண்டு மாசத்துக்குக் கடலெண்ணெய்க்கு மாறிக்கறது சுலபம். பாதிக்குப் பாதி கலந்தாலும் ஒறையறது குறையும், முழுசா நிக்காது. கடலெண்ணெயும் குளுர்ல கெட்டியாத்தான் ஓடும், தூறல் கொஞ்சம் பெருசா விழும். அதைப் பழுதுன்னு நெனச்சுக் கழட்ட வேண்டாம்.

பூந்துறை ரோடு:
இந்தப் பாட்டில் எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னும் சொல்லிடலாமுங்க. சந்தகை (அரிசி சேவை) புழியறதுக்கு முன்னாடி குழலோட உள்சுவத்துக்கு ரெண்டு அழுத்து, இட்லித்தட்டுக் குழிக்கு ஒவ்வொண்ணு, ஒப்பிட்டு (போளி) தட்டற வாழையிலைக்கு ஒண்ணு. இதுக்கெல்லாம் விரலால தேய்க்கறதை விட நெம்ப நல்லா இருக்கும். கம்பு தோசை, ராகி ரொட்டி மேல அடிக்கவும் சரி. பணியாரத்துக்குப் பத்தாது, குழியில எண்ணெய் நின்னாத்தான் ஓரம் முறுகும். பள்ளிபாளையம் சிக்கனுக்கும், எண்ணெயில பொரிக்கற கச்சாயத்துக்கும் இதை எடுத்துட்டு வந்தீங்கன்னா சிரிப்பாங்க. இரும்புக் கல்லைத் துடைக்க அரைவெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேய்க்கறதே மேல். அது பழைய பருக்கையையும் சேத்து இழுத்துட்டு வரும்.

அப்புறம் அளவு. "ஸ்பிரே பண்ணினா கலோரியே இல்லை"ங்கறது கதை. அமெரிக்க டப்பாவுல பூஜ்யம்னு போடறாங்கன்னா, கால் நொடி அடிக்கறதை ஒரு வேளைன்னு கணக்கு வெச்சு அஞ்சு கலோரிக்குள்ள கொண்டாந்துடறாங்க. எண்ணெய் எண்ணெய்தான், கிராமுக்கு 9 கலோரி. உங்க பாட்டிலை நீங்களே அளந்துக்கங்க. டிஜிட்டல் தராசுல சின்னப் போசியை வெச்சு, இருபது தடவை அடிச்சு, வந்த எடையை இருபதால வகுங்க. 6 கிராம் வந்துச்சுன்னா அழுத்துக்கு 0.3 கிராம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராமுக்குக் கொஞ்சம் மேல, அதனால பதினஞ்சு அழுத்து ஒரு டீஸ்பூன். தோசைக்கு ஆறு அழுத்துன்னா ரெண்டு கிராம் கூட வரலை. ஆனா கையில இருக்கேன்னு எச்சா அடிச்சுட்டே போனா ஸ்பூனே பரவாயில்லைன்னு ஆயிரும்.

அவிநாசி அடுப்படி:
அக்கா, அளவு நல்ல யோசனை. அடுப்பு எரியும்போதே அடிக்கலாமா? இதை யாரும் சொல்லலையே.

பூந்துறை ரோடு:
கூடாது கண்ணு. ஊத்தற எண்ணெய் சட்டுனு தீப்பிடிக்காது, தூறலாப் போற எண்ணெய் தீப்பிடிக்கும். சின்னக் கல்லு வெச்சு, தீ ஓரத்துல எட்டிப் பாத்துட்டு இருக்கறப்ப கல்லைத் தாண்டித் தெறிக்கிற தூறல் பொக்குனு புடிச்சுக்கும். கேஸை அணைச்சுட்டு, மேல இருந்து நேராக் கீழ, ஒரு சாண் தூரத்துல கல்லுக்குள்ள மட்டும் அடிக்கோணும். விறகடுப்புல வேண்டவே வேண்டாம். கல்லு புகையற சூட்டுல அடிச்சா எண்ணெய் தங்காது, புகையாப் போயிரும். நான்ஸ்டிக்ல மெல்லிசா அடிச்ச எண்ணெய் காஞ்சு பழுப்புப் படலமா ஒட்டிக்கும், அதுக்குத் துணியில தொட்டுத் தடவறதே பாந்தம். இன்னொண்ணு, தரையில விழற தூறல் கண்ணுக்குத் தெரியாது. டைல்ஸ் வழுக்கும். அடுப்பு முன்னாடி ஒரு சாக்கு போட்டுக்கோ.

வெள்ளகோயில் செக்கு:
மருந்தடிக்கிற மிஷினுக்கு மூக்கு மாத்தத் தெரிஞ்ச ஊர் நம்முளுது, அதனால சொல்றேன். அடைப்பை ஊசி விட்டுக் குத்தாதீங்க. ஓட்டை அகண்டா தூறல் திரும்பி வராது. பழைய பல் பிரஷ்ஷோட ஒத்தை நாரால நீவி விடுங்க. மருந்தடிச்ச கைத்தெளிப்பானையோ சானிடைசர் பாட்டிலையோ எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கு எடுக்காதீங்க.

கழுத்துல ஒழுகினா வாஷரைக் கழட்டிப் பாருங்க. மடங்கி உக்காந்திருக்கும், இல்லீன்னா எண்ணெயில ஊறி உப்பியிருக்கும். மடங்கினதுன்னா துடைச்சு நேரா போட்டாச் சரியாகும். உப்பினதுக்குப் புதுசுதான்.

ஆனமலைக் காத்து:
அழுத்தறப்ப இடைஇடையே காத்து மட்டும் வருதுன்னா குழாய் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பாருங்க. கையில புடிக்கறப்ப பாட்டிலை முன்னாடிதான் சாய்க்கறோம், அதனால குழாய் நுனி மூக்குப் பக்கம் இருக்கோணும். பின்னாடி திரும்பியிருந்தா கால் பாட்டில் மிச்சம் இருக்கும்போதே காத்தை உறிஞ்சும். திருப்பி மாட்டுங்க. பழசு மேலேயே புதுசை ஊத்தாம, ஊத்தினது முழுசாத் தீந்த பொறவு கழுவிட்டு அடுத்தது. மூக்குக்கிட்ட மோந்து பாத்துச் சிக்கு வாசம் வந்தா மிச்சத்தை விளக்குக்கு எடுத்துக்கங்க.