‘பவுண்டி’ச் சர்க்கரைக்குத் தமிழில் என்ன பெயர்? (கலைச்சொல் விவாதம்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுமத்தார்க்கு வணக்கம். பொருளியல் வரலாற்றுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய இயல், 1902 மார்ச் 5 அன்று பிரசெல்சில் கையெழுத்தாகி 1903 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்க்கரை உடன்படிக்கையைப் பற்றியது. அந்த உடன்படிக்கையின் பேரில் ஹாங்காங் போன்ற முடிக்குரிய குடியேற்ற நாடுகள் (பிரித்தானிய அரசு நேராக ஆண்டவை) தம் துறைமுகத்தில் இறங்கும் சர்க்கரையை எவ்வாறு ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது என்பதே இயலின் பெரும்பகுதி.

செருமனி, ஆசுத்திரியா-அங்கேரி, பிரான்சு முதலிய நாடுகள் தம் பீட்கிழங்குச் சர்க்கரையை வெளிநாட்டில் மலிவாக விற்க அரசுப் பணத்தால் தாங்கிப் பிடித்தன. அந்தத் தாங்கலுக்குப் ‘பவுண்டி’ என்று பெயர். அதை ஒழிக்கவே இந்த உடன்படிக்கை. அப்படித் தாங்கப்பட்ட சர்க்கரை ‘பவுண்டி ஊட்டிய சர்க்கரை’. அதன் மலிவை ஈடுகட்ட இறக்குமதி நாடு போடுவது ‘கவுண்டர்வெய்லிங்’ தீர்வை. முதற்படியில் ஊக்கத்தொகை, ஊக்கத்தொகைச் சர்க்கரை, ஈடுகட்டுத் தீர்வை என்று எழுதியிருக்கிறேன். பதிப்பாசிரியர் ‘மானியம்’ என்று திருத்தியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மானியம் என்றதும் நம் மாணவர்களுக்கு உர மானியமும் எரிவளி மானியமும் நினைவுக்கு வரும். சற்று வயதானவர்களுக்குக் கோயில் மானிய நிலம் நினைவுக்கு வரும். இரண்டுமே இங்கே பொருந்தா. தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அன்புடையீர், மானியத்தை மறுத்தது சரி. ஆனால் ஊக்கத்தொகை என்பது தீபாவளிக்கு ஆலை முதலாளி தரும் போனசைப் போல ஒலிக்கிறது. நம்மிடம் இதைவிடப் பழைமையான, ஆழமான சொல் இருக்கிறது; அதுவே ‘புரவு’. புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். அதிலிருந்து பிறந்ததே புரவலன். அரசன் தன் நாட்டு ஆலைக்காரனைப் புரக்கிறான்; அவன் விளைத்த சர்க்கரை வெளிநாட்டுச் சந்தையில் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே ‘ஏற்றுமதிப் புரவு’, ‘புரவுச் சர்க்கரை’ என்று எழுதலாம். பவுண்டியின் முழுப்பொருளும் இவ்விரு சொற்களில் அடங்கிவிடும்.

தீர்வைக்கும் நான் இசையேன். ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று வள்ளுவர் சொன்ன உல்கு இருக்கையில் நாம் ஏன் வேறெங்கோ போக வேண்டும்? ஒன்றை எதிர்கொண்டு சமன் செய்யும் உல்கு ‘எதிருல்கு’. இரண்டே எழுத்து கூடுகிறது; பொருளோ மலைபோல் நிற்கிறது.

வரலாற்றுப் பேராசிரியர், திருச்சி:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். புரவு பற்றி ஒரு தடை சொல்லியாக வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் ‘புரவுவரித் திணைக்களம்’ வருவது தாங்கள் அறியாததன்று. அங்கே புரவு என்பது வரி செலுத்தும் நிலத்தோடு ஒட்டிய சொல். குடிமகனிடமிருந்து அரசுக்கு வருவதைக் குறித்த சொல்லை, அரசிடமிருந்து ஆலைக்குப் போவதற்கு இட்டால், கல்வெட்டியல் படிக்கும் என் மாணவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மையாருக்கும் ஒரு தடை. ஊக்கத்தொகையில் ‘தொகை’ நிற்பதுதான் சிக்கல். உடன்படிக்கையின் முதல் உறுப்பைப் பாருங்கள். ஏற்றுமதிக்கு நேராகக் கொடுக்கும் பணம் அதில் ஒரு வகை மட்டுமே. உற்பத்திக்குக் கொடுப்பது, வரியை முழுதாகவோ பகுதியாகவோ விலக்குவது, கணக்கிட்டதற்கு மேல் கிடைக்கும் விளைச்சலால் வரும் ஆதாயம், அளவுக்கு மீறித் திருப்பித் தரும் வரி, வரம்புக்கு மேற்பட்ட காப்புத் தீர்வையால் வரும் ஆதாயம் ஆகியவற்றையும் அது பவுண்டியாகவே எண்ணுகிறது.

இவற்றுள் விளைச்சல் ஆதாயம் எப்படி வந்தது என்பதைப் பாடநூலில் விரித்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம். செருமனியில் முன்பு வரி சர்க்கரையின்மேல் விதிக்கப்படவில்லை. ஆலைக்குள் போகும் கிழங்கின் எடைமேல் விதிக்கப்பட்டது. இத்தனை எடைக் கிழங்குக்கு இத்தனை சர்க்கரை என்று சட்டம் ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு, சர்க்கரை ஏற்றுமதியாகும்போது அந்த விகிதப்படி வரியைத் திருப்பித் தந்தது. ஆலைக்காரர்கள் இனிப்பு மிகுந்த கிழங்கைப் பயிரிடச் செய்து, பிழியும் முறையையும் திருத்தி, அதே எடையிலிருந்து கூடுதல் சர்க்கரை எடுத்தார்கள். கட்டியது குறைவு, திரும்பப் பெற்றது மிகுதி. அரசு யாருக்கும் தொகையென்று எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆயினும் பவுண்டி நடந்தது. இதற்கு ஊக்கத்தொகை என்று பெயரிட்டால், ‘தொகை எங்கே?’ என்று கடைசி இருக்கை மாணவன் கேட்பான். நான் முன்மொழிவது ‘ஏற்றுமதிச் சலுகை’.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் சுங்கத் தீர்வை என்பதே அன்றாட வழக்கு. ஆகவே தீர்வையைக் கைவிடுவதை நான் எதிர்க்கிறேன். உல்கு என்றால் எங்கள் மாணவர் உலக்கையின் சுருக்கமென்று நினைத்தாலும் வியப்பில்லை. ஈடுகட்டுத் தீர்வையிலும் ‘எதிரீட்டுத் தீர்வை’ இறுக்கமானது என்பது என் கருத்து.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு. நீங்கள் எல்லோரும் சர்க்கரை, சர்க்கரை என்கிறீர்கள். எங்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லத்தின் இனம். வெள்ளையாய் மணியாய் இருப்பது சீனி. உடன்படிக்கை, சுத்திகரித்ததையும் சுத்திகரிக்காததையும் வேறுபடுத்துகிறது. நம்மிடம் அந்த வேறுபாட்டுக்கு ஆயத்தமாக இரண்டு சொற்கள் இருக்கும்போது ‘சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை’ என்று நீட்டுவது ஏன்? மேலும் இயல் ஹாங்காங்கைப் பற்றியது. சீனத்தின் பெயரிலிருந்து வந்த சொல்லைச் சீனக் கரையில் இருக்கும் ஆலைகளின் பண்டத்துக்கு இடுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

யாழ்ப்பாணத்து நண்பர் சீனியைச் சொன்னதும் எனக்கு ‘அஸ்கா’ நினைவுக்கு வந்தது. என் இளமையில் வெள்ளைச் சர்க்கரைக்கு அதுவே கடைப்பெயர். பழைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், அஸ்கா என்ற ஊரில் ஓர் ஆலை இருந்தது; ஊர்ப்பெயரே பண்டத்தின் பெயராயிற்று. சர்க்கரையோ வடசொல், சிறுகல், பரல் என்பதே அதன் முதற்பொருள். தனித்தமிழ் வேண்டுமானால் ‘அக்கார அடிசி’லில் வரும் அக்காரம் என்று சொல்லலாமென்று எண்ணினேன், பிறகு அதுவும் அதே வேரைச் சேர்ந்ததோ என்ற ஐயம் எழுந்துவிட்டது. ஆகவே அங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

புரவைப் பற்றிய தடைக்கு விடை: வரி செலுத்தும் நிலமும் புரக்கப்பட்ட நிலந்தானே? காத்தவனுக்குக் காவலின் பயனாக வந்தது வரி. வேர் ஒன்று, கிளை இரண்டு. கிளையைக் காட்டி வேரை மறுக்கலாகாது. ‘சலுகை’யோ பேருந்துக் கட்டணத்துக்குப் போதும், பன்னாட்டு உடன்படிக்கைக்குப் போதாது.

ஓய்வுபெற்ற சுங்க அலுவலர், தூத்துக்குடி:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். நான் இலக்கியம் கற்றவன் அல்லேன். சரக்கைப் பார்த்துத் தீர்வை போட்டவன். இந்த விவாதத்தில் ஹாங்காங்கை எல்லோரும் மறந்துவிட்டதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

எதிருல்கு, எதிரீட்டுத் தீர்வை, ஈடுகட்டுத் தீர்வை என்று மூன்று பெயர்களுக்குச் சண்டை நடக்கிறது. ஆனால் ஹாங்காங் திறந்த துறைமுகம். அக்காலத்தில் அங்கே சர்க்கரைக்கு இறக்குமதித் தீர்வையே கிடையாது. உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பு, பவுண்டிச் சர்க்கரைமேல் தனித்தீர்வை போடச் சொல்கிறது. வேண்டுமானால் இறக்குமதியையே தடுக்கும் உரிமையையும் தருகிறது. பிரித்தன் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடையைத் தேர்ந்தது. ஈடுகட்டும் தீர்வையை இந்த வரலாற்றில் தேடுவோர் இந்தியாவுக்குத்தான் வர வேண்டும். வைசிராய் கர்சன் காலத்தில் 1899ஆம் ஆண்டிலேயே, அதாவது உடன்படிக்கைக்கு மூன்றாண்டு முன்பே, பவுண்டிச் சர்க்கரைமேல் இங்கே தீர்வை விதித்தார்கள். இந்தியச் சந்தையை நம்பியிருந்த மொரீசியசுத் தோட்டக்காரர்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களுள் நம் மாகாணத்திலிருந்து போன தமிழரும் உண்டு. 1902இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆகவே ஈடுகட்டுத் தீர்வை இந்திய இயலுக்கு வேண்டும் சொல். ஹாங்காங் இயலில் அதற்கு ஓரிரு வரிகளே இடம்.

ஹாங்காங்குக்கு உரியது 8ஆம் உறுப்பு. பிரித்தானிய, ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கு உடன்படிக்கை பொதுவாகப் பொருந்தாது என்று 11ஆம் உறுப்பு விலக்கு அளித்தாலும், 5, 8 ஆகிய இரு உறுப்புகளை மட்டும் விலக்கவில்லை. 8ஆம் உறுப்பின் கருத்து இது: பவுண்டிச் சர்க்கரை ஒரு நாட்டின் வழியாகக் கடந்து போய், பவுண்டி பெறாத சர்க்கரையைப் போல் வேடமிட்டு, சேருமிடத்துச் சந்தையில் உடன்படிக்கையின் நன்மையை அடைந்துவிடக் கூடாது, அதைத் தடுக்கும் ஏற்பாட்டைக் குடியேற்ற நாடும் செய்ய வேண்டும். தன்னாட்சி பெற்ற குடியேற்றங்களும் இந்தியாவும் இதற்கும் புறம்பு. முடிக்குரிய குடியேற்றமாகிய ஹாங்காங் தப்ப முடியாது.

அங்கே குவாரி பேயில் தைக்கூ ஆலை, கிழக்கு முனையில் ஜார்டின் நிறுவனத்தாரின் ஆலை என இரண்டு பெரிய சுத்திகரிப்பாலைகள் இருந்தன. சாவகத்திலிருந்தும் (ஜாவா) பிலிப்பைன்சிலிருந்தும் வரும் பழுப்புச் சர்க்கரையை வெளுத்து, சீனத்துக்கும் பிறநாடுகளுக்கும் அனுப்பின. மூட்டையாக இருக்கும்வரை பழுப்புக் கரும்புச் சர்க்கரையையும் பழுப்புக் கிழங்குச் சர்க்கரையையும் மோந்து பார்த்தே பிரித்துவிடலாம். கிழங்கின் மணம் முகஞ்சுளிக்க வைக்கும். வெளுத்து மணியாக்கிய பிறகு இரண்டும் ஒன்றே. கண்ணும் மூக்கும் உதவாத அந்த இடத்தில் அலுவலர் நம்ப வேண்டியது தாளைத்தான். ஆகவே இவ்வியலின் உயிர்ச்சொல், சர்க்கரை எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்லும் சான்றிதழே. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

தூத்துக்குடி ஐயாவுக்கு மிக்க நன்றி. அந்த இடத்தில் ‘பிறப்பிடச் சான்றிதழ்’ என்று எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர், ‘சர்க்கரைக்குப் பிறப்புச் சான்றிதழா, மாநகராட்சியில் வாங்குவதா?’ என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

வரலாற்றுப் பேராசிரியர், திருச்சி:

பிறப்பிடம் என்பதில் வேறொரு குழப்பமும் இருக்கிறது. சாவகத்தில் விளைந்து ஹாங்காங்கில் வெளுத்த சர்க்கரைக்குப் பிறப்பிடம் எது? பவுண்டி எந்த நாட்டில் கிடைத்தது என்பதே கேள்வியாதலால் விளைந்த நாடுதான் கணக்கு. ‘விளைநாட்டுச் சான்று’ என்றால் ஐயமே இராது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

சுங்க அலுவலர் ஐயா என்னை வென்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்; எனக்கு உதவியிருக்கிறார். புகார்த் துறைமுகத்தில் இறங்கிய பண்டத்தையும் ஏறிய பண்டத்தையும் ‘நோன்புலி பொறித்து’ப் புறத்தே போக்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது, அங்கே உல்கு கொள்வோர் சோர்வின்றிப் பணிசெய்ததையும் சொல்கிறது. சரக்கின்மேல் அரசு இடும் குறி ‘பொறி’. ஆகவே ‘விளைநாட்டுப் பொறி’ என்க.

சுங்க அலுவலர், தூத்துக்குடி:

புலவர் ஐயா, புலிப்பொறி தீர்வை தீர்ந்ததற்கு அடையாளம்; சரக்கு எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது. பொறியை மூட்டையில் இடுவார்கள், சான்றிதழ் கப்பலோடு வரும் தாள். மூட்டையைப் பிரித்துக் கொதிகலனில் கொட்டிய பிறகு பொறி எங்கே இருக்கும்?

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

இதில் சுங்க அலுவலர் பக்கமே நான். ‘விளைநாட்டுச் சான்றிதழ்’ ஏற்புடையது. சீனியைப் பற்றி எவரும் விடை சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

நாளை மாலை கோப்பை அனுப்ப வேண்டியிருப்பதால், வந்த கருத்துகளை எண்ணிப் பார்த்து இவ்வாறு அமைத்திருக்கிறேன். பவுண்டிக்கு ‘ஏற்றுமதிச் சலுகை’. பணமாகக் கைக்கு வரும் இடத்தில் மட்டும் ‘ஊக்கத்தொகை’. பவுண்டிச் சர்க்கரைக்குச் ‘சலுகைச் சர்க்கரை’. நியாயவிலைக் கடை நினைவு வரும் என்பது தெரிந்தே எழுதுகிறேன், இதைவிட நல்லது கிட்டவில்லை. இந்தியாவைப் பற்றிய பத்தியில் ‘ஈடுகட்டுத் தீர்வை’. ஹாங்காங் பகுதியில் ‘இறக்குமதித் தடை’, ‘விளைநாட்டுச் சான்றிதழ்’. சீனி ஈழத்து வழக்கு என்பதோடு மதுரைக்குத் தெற்கேயும் வழங்குவதே. ஆயினும் நூல் முழுவதும் சர்க்கரை என்றே அச்சாகிவிட்டதால் கலைச்சொல் பட்டியலில் இணையாகத் தருகிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. புரவும் எதிருல்கும் பட்டியலில் ‘மாற்றுச் சொற்கள்’ என்ற தலைப்பிலாவது வர வேண்டும். சலுகைச் சர்க்கரை என்பதைப் படித்துக் குடும்ப அட்டையோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நான் பொறுப்பல்லேன்.

சுங்க அலுவலர், தூத்துக்குடி:

அம்மா, கோப்பை அனுப்புமுன் இன்னொன்று. உடன்படிக்கை, சுத்திகரித்த சர்க்கரைக்கு 100 கிலோவுக்கு 6 பிராங்கு, மற்றதற்கு 5.50 பிராங்கு என்று ‘சர்டாக்சு’க்கு உச்சவரம்பு வைக்கிறது. தங்கள் வரைவில் அது ‘மேல்வரி’ என்று இருக்கிறது. அது வரியின்மேல் போடும் வரி அன்று. வெளிநாட்டுச் சர்க்கரை செலுத்தும் தீர்வைக்கும் உள்நாட்டுச் சர்க்கரை செலுத்தும் வரிக்கும் இடையே உள்ள வேற்றுமை. அந்த வேற்றுமை பெரிதாக இருந்ததால்தான் ஆலைக் கூட்டணிகள் உள்நாட்டில் விலையை ஏற்றி, வெளிநாட்டில் இறக்கி விற்க முடிந்தது. மேல்வரி என்றே அச்சானால் அந்தப் பத்தி முழுவதும் பொருளற்றுப் போகும். ‘வரி வேற்றுமை’ என்று மாற்றிவிடலாமா? புலவர் ஐயா வேறு சொல் வைத்திருப்பார். இன்றிரவுக்குள் எழுதினால் நலம்.