திடப்படுத்தல் முடிந்ததும் ஆலயத்தை விட்டு விலகும் பிள்ளைகள்: உங்கள் சபையில் என்ன செய்தீர்கள்?

கேள்வி: சபைச் செயலர், கல்குளம் வட்டம்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். தக்கலை அருகே, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிறிய சபையில் நான் செயலராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் திடப்படுத்தல் பெற்றார்கள்; அதாவது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு. வெள்ளை உடையில் முதல் வரிசையில் அமர்ந்திருந்து, முதன்முதலாக அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முழங்காலிட்ட அவர்களைப் பார்த்துத் தாய்மார் கண்கலங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. மறு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது ஒருவர் மட்டும் வருகிறார். அதுவும் பாட்டியைக் கைபிடித்து அழைத்து வருவதற்காக.

நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. கீபோர்டும் டிரம்ஸும் வாங்கினோம், பாடல் வரிகளைத் திரையில் காட்ட புரொஜெக்டர் வைத்தோம். இரண்டு மாதம் கூட்டம் வந்தது, பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இளம் குடும்பங்களில் சில பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விட்டன. சில எங்குமே போவதில்லை. ஆராதனை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒரு சாரார் சொல்கிறார்கள். கீர்த்தனைகளைக் கைவிட்டதால் வந்த வினை இது என்று மறுசாரார் சொல்கிறார்கள். உங்கள் சபைகளில் உண்மையாகவே பலன் தந்தது எது என்பதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடி

செயலர் அவர்களே, முதலில் சபைப் பதிவேட்டை எடுத்து, பதினைந்து வயது முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்களின் பெயர்களைத் தனியே எழுதுங்கள். படிப்புக்கும் வேலைக்குமாக வெளியூர் சென்றவர்கள் யார், ஊரில் இருந்துகொண்டே வராதவர்கள் யார், வேறு சபைக்குப் போனவர்கள் யார் என்று அந்தப் பெயர்களைப் பிரியுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது வெளியூர் சென்றவர்களின் பட்டியல்தான் மிக நீளமாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். மிஷனெரிமார் ஆலயம் கட்டிய இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் கட்டியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் படிப்புதான் நம் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வளைகுடாவுக்கும் கொண்டுபோயிருக்கிறது. பிறப்பும் குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று கணக்கிட்டது. ஆகவே ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பாடசாலையில் பெஞ்சு காலியாக இருப்பதை எல்லாம் விசுவாசக் குறைவு என்று எண்ணி மனம் சோர வேண்டாம். வெளியூரில் இருப்பவர்களைப் பிறந்தநாளுக்கும் தேர்வுக்கும் அழைத்து விசாரிப்பது ஒரு வேலை. ஊரில் இருப்பவர்களைத் திரும்ப அழைத்து வருவது முற்றிலும் வேறு வேலை.

இரண்டாவது வேலையைப் பற்றிச் சொல்கிறேன். 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து ஊன்றிய சபைகளை வளர்க்க, 1818-இல் லண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் சார்லஸ் மீட் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. நாகர்கோவிலில் பள்ளிகளும் அச்சகமும் அவர் பொறுப்பில் எழுந்தன. அதே வயதுள்ள ஒரு பிள்ளைக்கு நாம் இன்று அசனப் பந்தியில் (சபை விருந்தில்) பரிமாறும் வேலையைத் தவிர வேறு எதை ஒப்படைக்கிறோம்? எங்கள் சபையில் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியை, அதற்கான பணத்தோடும் ரசீதுப் புத்தகத்தோடும், கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் முழுமையாகக் கொடுத்தோம். முதல் ஆண்டு கணக்கில் தவறு வந்தது. யாரும் சத்தம் போடாமல் உடன் அமர்ந்து திருத்திக் கொடுத்தோம். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் இன்று ஓய்வுநாள் பாடசாலையில் கற்பிக்கிறார்கள்.

கீர்த்தனைகளை விட்டுவிடாதீர்கள். ஆனால் அவற்றின் மெட்டை யாராவது பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் அல்லவா பிள்ளைகள் பாடுவார்கள்?

பதில் 2: செவிலியர், மார்த்தாண்டம்

எனக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான்; கணவர் மஸ்கட்டில் பணிபுரிகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் பணி வரும், ஆதலால் மாதத்தில் இரண்டு முறைதான் ஆலயத்துக்குப் போக முடிகிறது. அந்த இரண்டு முறையும் பிரசங்கம் தொடங்கும் வேளையில் குழந்தை சிணுங்க, முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க, நான் செருப்புகள் கிடக்கும் வராந்தாவில் நின்றுகொண்டு ஒலிபெருக்கி வழியாகவே பிரசங்கத்தைக் கேட்பேன். அப்படிக் கேட்பதற்கு வீட்டில் இருந்தே யூடியூபில் கேட்டுக்கொள்ளலாமே என்று ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திவிட்டேன்.

என்னைத் திரும்ப வரவழைத்தவர் எங்கள் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா. பக்கவாட்டுக் கதவருகே ஒரு பாயை விரித்து, "மக்களே, நீ போய்த் திருவிருந்து எடுத்துட்டு வா, பிள்ளையை நான் வச்சுக்கிடுதேன்" என்றார்கள். இப்போது அந்தப் பாயில் நான்கு தாய்மார் இருக்கிறோம். குடும்பங்களுக்கென்று தனியே ஒரு திட்டம் வகுப்பதற்கு முன்பு, உங்கள் ஆலயத்தில் குழந்தையோடு வருபவர் எங்கே உட்காருகிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

பதில் 3: வாலிபர், பெங்களூருவில் பணி, சொந்த ஊர் விளவங்கோடு வட்டம்

விலகிப் போனவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். சபைத் தேர்தலில் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஆலய வளாகத்திலேயே பெரியவர்கள் ஒருவரையொருவர் ஏசியதை என் பதினெட்டாம் வயதில் பார்த்தேன். பாட்டுக் குறைவாலோ பிரசங்கம் நீண்டதாலோ நான் வெளியேறவில்லை; அந்த ஏச்சைக் கேட்டுத்தான் வெளியேறினேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பர் மரங்கள் வழிநெடுக முறிந்து கிடந்தன; பல நாட்கள் மின்சாரம் இல்லை. நாங்கள் சில பேர் அரிவாளும் மரம் அறுக்கும் வாளும் கொண்டு வழியைச் சீராக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் ஐயர் (சபைப் போதகர்) வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல், ஆலய மண்டபத்தின் சாவியை என் கையில் கொடுத்து, "சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எந்த மதத்தவர் வீடு என்று பாராமல் ஓடு பறந்த வீடுகளுக்கு எல்லாம் கஞ்சி கொண்டுபோனோம். அந்தச் சாவியை அவர் பிறகு திரும்பக் கேட்கவே இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் இப்போது ஆலயத்துக்குப் போகிறேன். ஐயா, உங்கள் கமிட்டிக்குள் சண்டை இருந்தால், பிள்ளைகளை அழைப்பதற்கு முன்பு அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வெளியூரில் இருக்கிறார்கள். இது எனக்கே இன்றுதான் தெரிந்தது. ஊரில் இருந்தும் வராத மூன்று பேரின் வீட்டுக்கு ஐயரும் நானும் சனிக்கிழமை மாலை போகிறோம். விடுமுறை வேதாகமப் பள்ளியின் ரசீதுப் புத்தகத்தை அவர்களிடம் கொடுக்கக் கமிட்டியின் சம்மதம் வேண்டும். தம்பி குறிப்பிட்ட அந்தச் சண்டை எங்களிடமும் உண்டு என்பதால், அதற்காகப் பேச வேண்டிய இரண்டு பெரியவர்களை நாளையே போய்ப் பார்க்கிறேன்.