சளி பிடித்த பூனை சாப்பிட மறுத்தால்: எங்கள் அனுபவங்கள்

எங்கள் பூனை கருப்பன் தும்மியதைவிட, தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் போனதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது; வாசனை இல்லாத எதிலும் அது வாய் வைக்காது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் கொழுத்த பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து. அதனால் அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புண். "கலிசி வைரஸாக இருக்கும்" என்றார். பூனைச் சளியில் பெரும்பாலானவை ஹெர்பெஸ் அல்லது கலிசி வைரஸால் வருபவைதான். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் சளி மஞ்சளாகக் கெட்டியாகி, காய்ச்சலும் இருந்ததால், கூடவே சேர்ந்த பாக்டீரியாவுக்காக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். அதனால் போட்டதும் சிரிஞ்சில் தண்ணீர் ஊட்ட வேண்டும். அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூக்கில் காய்ந்திருந்த சளியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெளியே வந்த கையோடு டின் உணவை லேசாகச் சூடாக்கி நீட்டினால், நக்க ஆரம்பித்தான். ஆவியில் தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எதையும் கலக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நடுராத்திரி ஆனாலும் ஓடுங்கள்.

—

எங்கள் பூனைக்கு ஹெர்பெஸ். தும்மல் நின்றாலும் வைரஸ் நரம்பில் பதுங்கியே இருக்குமாம். வீடு மாறினோம், மறுபடி தும்மல். விருந்தாளிகள் வந்தார்கள், மறுபடி கண்ணில் பீளை. எல்லாரும் சொல்லும் லைசின் என்ற அமினோ அமிலப் பொடியையும் கொடுத்துப் பார்த்தோம், பலன் தெரியவில்லை. ஆய்வுகளும் அதற்குச் சாதகமாக இல்லை. ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்த பிறகுதான் கொஞ்சம் பரவாயில்லை.

—

தடுப்பூசி போட்டும் சளி வந்ததே என்று பலர் கேட்கிறார்கள். அது தொற்றை முழுதாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். புதுப் பூனை வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி. கலிசி காய்ந்த தரையிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும், சானிடைசரை நம்பி இருக்க முடியாது. முதலில் சோப்பு, அப்புறம் 32 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச். நன்றாகக் காய்ந்த பிறகே மற்ற பூனைகளை அந்த அறைக்குள் விடுவோம்.