எதெல் பெய்ன்: நிருபரா, கட்சிக்காரரா?

தந்திக்கம்பம்:
அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் எதெல் பெய்னைப் பற்றி நண்பர் ஒருவர் நாலு வரி எழுதி, "நிருபர்னா இவங்கதான்" என்று முடித்திருந்தார். எனக்கு ஒப்பவில்லை. துணிச்சல்காரர், மறுக்கவில்லை. ஆனால் கறுப்பினத்தவர் நடத்திய 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகைக்காக வெள்ளை மாளிகைக்குப் போய்வந்த அதே காலத்தில், சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அரசியல் பிரிவிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1950களின் கடைசியில் பத்திரிகையை விட்டுவிட்டுத் தொழிற்சங்கம், ஜனநாயகக் கட்சி என்று போனார். அப்புறம் மறுபடி டிஃபெண்டர். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சொம்பு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்போம்.

கரிசல்வாசகி:
அண்ணே, 1954 ஜூலை 7-ஐ விட்டுட்டீங்களே. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லி ஏழு வாரம்தான் ஆகுது. மாநிலம் விட்டு மாநிலம் போற ரயில், பஸ்ல பிரிவினையைத் தடை செய்யற சட்டத்துக்கு உங்க அரசு ஆதரவு தருமான்னு அதிபரோட பத்திரிகையாளர் சந்திப்புல எழுந்து நின்னு கேட்டார். குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் முகம் சிவந்துபோய், எந்தத் தனிக் குழுவுக்காகவும் நாங்க வேலை செய்யலைங்கிற மாதிரி சீறினார். அந்த அறையில அத்தனை பேர் இருந்தாங்க. வேற யார் கேட்டா?

தந்திக்கம்பம்:
கேள்வி சரிதான் தங்கச்சி. எப்படித் தொடங்கினார் என்று பாருங்கள். போன வாரம் நீதித்துறை அனுப்பிய கடிதத்தைப் பார்த்து "நாங்கள் மிகவும் மகிழ்ந்தோம்" என்றார். யார் அந்த நாங்கள்? நிருபருக்கு ஏது நாங்கள்?

ரயிலடி:
அந்த 'நாங்க' யாருன்னு நான் சொல்றேன். பெய்னோட அப்பா புல்மன் கம்பெனி ரயில்ல படுக்கைப் பெட்டி ஊழியர். பயணிகளுக்குப் படுக்கை விரிக்கிறது, மூட்டை தூக்கறது, ஷூவுக்குப் பாலிஷ் போடறது, இதுதான் வேலை. தெற்கு மாநிலங்கள்ல டிஃபெண்டரை வெளிப்படையா விக்க முடியாதப்போ, கட்டுக்கட்டா ரயில்ல ஏத்திக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த ஊழியர்கள்தான். அந்த ரயில்ல வேலை பார்த்தவர் மக, அதே பத்திரிகைக்காக, அதே ரயிலைப் பத்திக் கேட்கறா. இதுல 'நாங்க'ன்னு சொல்லாம வேற என்ன சொல்லணும்? அந்த அறையில மத்தவங்களுக்கும் ஒரு 'நாங்க' இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல, அவ்வளவுதான்.

பழைய சப்-எடிட்டர்:
ஒரு திருத்தம். பலரும் பெய்னையே வெள்ளை மாளிகையின் முதல் கறுப்பினப் பெண் நிருபர் என்று எழுதுகிறார்கள். இல்லை. 1947-லேயே அலிஸ் டனிகன் அங்கே அனுமதி பெற்றுவிட்டார். இன்று அங்கே செய்தியாளர் அறையில் நிற்கும் பேச்சுமேடைக்கு இருவர் பெயரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தொழிற்சங்கச் சம்பளம் தப்புதான். நான் டெஸ்க்கில் இருந்தால் அனுமதித்திருக்க மாட்டேன். ஆனால் அதைத் தோண்டி எடுத்து பெய்னுடைய வெள்ளை மாளிகை நிருபர் அங்கீகாரத்தைப் பறிக்கப் பார்த்தவர் யார்? ஐசனோவரின் செய்திச் செயலாளர் ஹேகர்ட்டி. அதுவும் அந்தக் கேள்விகளுக்குப் பிறகு. அறத்தின் மேல் அவருக்குத் திடீரென்று வந்த அக்கறை!

பெய்ன்மேல் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. வியட்நாம் போர்.

தந்திக்கம்பம்:
வாங்க சார், இதுக்குத்தான் காத்திருந்தேன்.

பழைய சப்-எடிட்டர்:
1966 கடைசியில் போனார், சில மாதம் இருந்தார். கறுப்பினச் சிப்பாய்களைத் தேடித் தேடிப் பேசினார். வெள்ளையர்களோடு ஒரே முகாமில் சரிசமமாக நிற்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. ஜப்பானில் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தபோது, பிரிவினையை ஒழிக்க 1948-ல் அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்ட பிறகும் ராணுவத்தில் பிரிவினை தொடர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அங்கே எழுதிவைத்த நாட்குறிப்புதான் டிஃபெண்டர் நிருபர் ஒருவர் கையில் கிடைத்து, இவரைப் பத்திரிகைக்கே இழுத்து வந்தது. அதனால் வியட்நாமில் அவர் கண்ணுக்கு வெற்றி தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் எதற்காகச் சாகிறார்கள் என்று கேட்கவில்லை.

தந்திக்கம்பம்:
ஏன் கேட்கவில்லை? சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்றை ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் கையால் வாங்கியவர். அதே ஜான்சன் நடத்திய போர். நான் சொல்ல வந்ததே இதுதான்.

கரிசல்வாசகி:
அப்போ ஐசனோவர்கிட்ட கேட்டதும் தப்பு, ஜான்சன்கிட்ட கேட்காததும் தப்பா? ஒண்ணு பிடிங்கண்ணே.

தந்திக்கம்பம்:
ஐசனோவரிடம் கேட்டது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. எதிராளியிடம் கேட்ட மாதிரி வேண்டியவரிடமும் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

ரயிலடி:
போரைப் பத்தி இன்னும் கடுமையா எழுதியிருக்கணும்னு அவங்களே பின்னாடி வருத்தப்பட்டிருக்காங்க. கறுப்பினப் பத்திரிகைன்னா தன் மக்களுக்காக வாதாடற பத்திரிகைதான், அதுல நடுநிலைக்கு இடம் இல்லைங்கிறதையும் கடைசிவரை மறைக்கல. ரெண்டையும் சொன்னவங்க அவங்கதான்.

தந்திக்கம்பம்:
வருத்தப்பட்டதை ஏற்கிறேன். சி.ஐ.ஓ. சம்பளத்தை மட்டும் யாரும் இன்னும் நியாயப்படுத்தவில்லை.

பழைய சப்-எடிட்டர்:
நானும் நியாயப்படுத்தப் போவதில்லை. டிஃபெண்டர் கொடுத்த சம்பளத்தில் வாஷிங்டனில் ஒற்றை ஆளாய் ஒரு அலுவலகத்தை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.