கடலில் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டும்போது துடுப்புத் தண்டு நனையாமல் இருக்க வழி உண்டா?

ஒரு மணி நேரம் ஓட்டினாலே தண்டு வழியாகத் தண்ணீர் வழிந்து வந்து கை, சட்டைக் கை, மடி எல்லாம் நனைந்துவிடுகிறது. உப்பு காய்ந்ததும் தண்டு உப்புத்தாள் மாதிரி உரசி, கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம். வழியும் தண்ணீரைத் தடுக்கத் தண்டில் மாட்டும் வளையம் (டிரிப் ரிங்) போட்டும் பயனில்லை.

பதில் 1:
ரிங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிளேடை (துடுப்பின் அகன்ற தட்டை) ஒட்டியே இருந்தால் ஒவ்வொரு முறை துடுப்புப் போடும்போதும் அதுவும் முங்கி, தண்ணீரை அள்ளிக்கொண்டு வரும். பிளேடு முழுசாக முங்கும்போதும் நீருக்கு மேலேயே நிற்கும்படி தண்டின் நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். கிண்ணம் போன்ற ரிங் என்றால் குழிவான பக்கம் பிளேடைப் பார்க்க வேண்டும், நான் ஒரு வருஷம் திருப்பிப் போட்டு ஓட்டியவன்!

பதில் 2:
துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி ஓட்டுகிறவருக்கு ரிங் பெரிதாக உதவாது, தண்ணீர் நேரே கைக்குத்தான் இறங்கும். தாழ்வாக வீசிப் பாருங்கள். அப்புறம், முழுக்கக் காய்ந்த கை என்பது கடலில் நடக்காத காரியம். கொப்புளத்துக்குக் காரணம் ஈரம் மட்டுமல்ல, இறுக்கிப் பிடிப்பதும்தான். தள்ளும் கையின் விரல்களைத் தளர்த்துங்கள்.

பதில் 3:
குளிர் என்றால் தண்டிலேயே மாட்டும் உறை நல்லது, உள்ளே வெறுங்கையால் பிடிக்கலாம். கரைக்கு வந்ததும் தண்டை நன்னீரில் கழுவிவிடுங்கள்.

கேட்டவர்:
ரிங் பிளேடை ஒட்டித்தான் இருந்தது. நாலு விரல்கடை தள்ளிவிட்டேன், மடி காய்ந்தது, கை இன்னும் கொஞ்சம் ஈரம்தான்.