ஆறு கிளாவரும் ஒரு குணுக்கும்

பிரிட்ஜ் சீட்டாட்டத்துல கிளப் (நம்ம கிளாவர்தான்), டயமண்ட துருப்பாக் கேட்டு மாட்டுன கதைய ஆளாளுக்குச் சொல்றீங்க, என்னோடதையும் கேளுங்க. நமக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்ல தமிழ், பஸ்ல மலையாளம், சீட்டுன்னா இருபத்தெட்டுங்கிற ஆட்டம்தான். அதுல ஜாக்கிக்கு 3, ஒம்போதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு, கிளாவரோ இஸ்பேடோ எல்லாத்துக்கும் ஒரே மதிப்பு, அதனால கையில எது நெறைய இருக்கோ அதையே துருப்பா வெச்சுப் பழகிட்டோம். தோத்தா தண்டனையா காதுல குணுக்குன்னு ஒரு தொங்கட்டான மாட்டி விடுவாங்க, அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆகி கோயமுத்தூர் போய் பிரிட்ஜ் கத்துக்கிட்டப்ப இந்தப் பழக்கமும் கூடவே வந்துருச்சு. பார்ட்னர் எங்கூர் மாஷ், அதாவது வாத்தியார். டீம் மேட்ச், மாஷ் 1 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) சொல்றார், என் கையில கிளாவர் ஆஸ் ராணி ஜாக்கியோட ஆறு சீட்டு, டயமண்ட் ராஜாவோட மூணு, மத்தது ரெண்டு ரெண்டு துக்கடா. ஆறு கிளாவரப் பாத்ததும் கை துறுதுறுன்னுச்சு, நேரா 5 கிளப்னுட்டேன், அதாவது கிளாவர் துருப்புல ஆறோட அஞ்சு சேத்து 11 டிரிக் (சுத்து) ஜெயிப்பேன்னு. மாஷ் தன் சீட்ட டம்மியா எல்லாரும் பாக்க மேசையில விரிச்சார், இஸ்பேட்ல ஆஸ் ராணி, ஆட்டின்ல ஆஸ் ஜாக்கி, டயமண்ட்ல ராணி, கிளாவர்ல ராஜா. அழகான கைதான், ஆனா எனக்கு வேண்டியது 11 டிரிக். டயமண்ட் ஆஸ் போச்சு, ஆட்டின்ல ஒண்ணு போச்சு, ராஜா இடது பக்கம் இருக்கும்னு நம்பி இஸ்பேட் ராணிய ஃபினெஸ் பண்ணா, ராஜா வலது பக்கத்து ஆள்கிட்ட. ஒரு டிரிக் கொறஞ்சு ஒண்ணு டவுன், மைனஸ் 50. அந்தப் பக்கம் இன்னொரு டேபிள்ல அதே சீட்டுல 3 நோ டிரம்ப், ஆறு கிளாவரையும் வரிசையா எறக்கி 9 டிரிக், 400. டீம் மேட்ச் பாயிண்டுல 10 இம்ப் காலி. கிளாவர்ல ஒரு டிரிக்குக்கு 20தானே, போனஸ் தர்ற 'கேம்'க்கு நூறு சேக்க 5 வரைக்கும் ஏறணும், நோ டிரம்ப்ல 3லயே கேம் வந்துருது, இது தெரியாமயா இருந்தேன், தெரிஞ்சுதான் சொன்னேன்!

திரும்பி வர்றப்ப வாளையார் வரைக்கும் மாஷ் வாயே தொறக்கல. அப்புறம்தான், "நம்மூரா இருந்தா இந்நேரம் உங்களுக்கு ரெண்டு காதுலயும் குணுக்குங்க"ன்னார்.

ஆனா எதிராளி ஆட்டத்தத் தடுக்குற டிஃபன்ஸ்ல ஒரு நாள் பழி தீத்துக்கிட்டேன். எதிராளி 3 நோ டிரம்ப், டம்மியில டயமண்ட் ராஜா ராணி ஜாக்கி பத்து அஞ்சு, வேற சூட்ல (இனத்துல) டம்மிக்குள்ள போக வழியே இல்ல. என்கிட்ட ஆஸ், ஆறு, மூணு. அவர் ராஜாவ எறக்குனார், பழைய ஆளா இருந்தா ஆச டப்புன்னு அடிச்சிருப்பேன். மாஷ் போட்ட சீட்டப் பாத்தேன், ரெண்டு. எங்க சைகைக் கணக்குல சின்னது மொதல்ல வந்தா அந்தச் சூட்ல ஒத்தப்படைச் சீட்டு, அப்ப மாஷ்கிட்ட மூணு, எதிராளிகிட்ட ரெண்டே ரெண்டுதான். மூணப் போட்டுட்டு கம்முனு இருந்தேன். ராணி வந்ததும் ஆஸ். அதுக்கப்புறம் அவர் கையில டயமண்ட் இல்ல, ஜாக்கியும் பத்தும் அஞ்சும் கண்ணு முன்னாடி டம்மியில படுத்துக் கெடக்குது, தொட முடியல. மனுசன் டீயக் கையில எடுத்தவர் குடிக்காமயே வெச்சுட்டார்.

— இது செங்கோட்டைலேருந்து வேற ஒருத்தன் எழுதுதேன். அண்ணாச்சி, 5 கிளப்ன்னாலே பாவம்னு முடிவு கட்டிராதீய. போன மாசம் நாங்க 3 நோ டிரம்ப்னு போயி, ஆட்டின்ல ரெண்டு கையிலயும் சேத்து ஒரு ராணி கூட கெடையாது, மொத அஞ்சு டிரிக்கும் அவனுவளுக்கே போச்சு. அங்கன 5 கிளப் சும்மா உக்காந்துருந்துச்சு, ஆட்டின்ல எங்கிட்ட ஒத்தச் சீட்டுதான், ரெண்டாவது ஆட்டினயே துருப்பு வெச்சு வெட்டிருப்பேன்.